போனுக்கு கார்பெட் ஏரியா எவ்வளவு சார்?

அடுக்குமாடி வீடு வாங்கினவங்களுக்கும், வாங்கலாமான்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சைட் பார்த்துட்டு வர்ற என்னை மாதிரி ஆளுங்களுக்கும் ரெண்டு வார்த்தை மனப்பாடம். ஒண்ணு சூப்பர் பில்ட்-அப் ஏரியா. இன்னொண்ணு கார்பெட் ஏரியா. விளம்பரத்துல ஆயிரம் சதுர அடின்னு கொட்டை எழுத்துல இருக்கும். லிஃப்ட், மாடிப்படி, வாட்ச்மேன் உக்கார்ற இடம், நடைபாதை எல்லாத்துலயும் நம்ம பங்கைச் சேர்த்து வந்த கணக்கு அது. உள்ள போய் டேப் வச்சு அளந்தா எழுநூறு தேறினாலே பெரிய விஷயம்.

ஸ்மார்ட்போன் கதையும் இதேதான். பெட்டி மேல 32 ஜிபின்னு இருக்கும். உள்ள திறந்து பார்த்தா பாதிக்குமேல யாரோ பாய் விரிச்சுப் படுத்திருப்பாங்க. ஒரே ஒரு வித்தியாசம். அடுக்குமாடியில காணாமப் போன முந்நூறு சதுர அடியில லிஃப்டாவது இருக்கும், நாமளும் ஏறி இறங்குவோம். போன்ல காணாமப் போன இடத்துல பில்டரோட மச்சான் உக்காந்து டீவி பார்த்துட்டு இருப்பார். "சார், கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா?"ன்னு கேட்டா, "இவரை நீக்க முடியாது, வேணும்னா தூங்க வைக்கலாம்"னு பதில் வரும்.

இந்த மச்சான்களைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், காபி எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். 32 ஜிபின்னு கம்பெனி சொல்றது ஆயிரத்தால பெருக்கின கணக்கு. கம்ப்யூட்டர் 1024-ஆல பெருக்கிக் கணக்கு போடும். அதனால 32 ஜிபின்னு எழுதினது கம்ப்யூட்டர் கணக்குல 29.8 தான். இதைத் திருட்டுன்னு சொல்ல முடியாது, ரெண்டு விதமான படி, அவ்வளவுதான். அடுத்தது ஆண்ட்ராய்டு என்கிற அடித்தளம். அது இல்லாம போனே ஓடாது, அதுவும் நியாயம். அதுக்கு மேல கம்பெனி தன்னோட மேல்பூச்சைப் பூசும். ஐகான் டிசைன், தனி செட்டிங்ஸ், தனி கேமரான்னு. இதுவும் ஓரளவு நியாயம்னே வச்சுக்குவோம்.

நியாயம் முடியற இடம் இதுக்கு அப்புறம்தான். ஏற்கனவே ஒரு பிரவுசர் இருக்கும், கம்பெனி தன்னோட பிரவுசர் ஒண்ணு வைக்கும். ஏற்கனவே ஒரு ஆப் ஸ்டோர் இருக்கும், கம்பெனி தன்னோட ஸ்டோர் ஒண்ணு வைக்கும். பாட்டு கேக்க ரெண்டு, படம் பார்க்க ரெண்டு, போட்டோ பார்க்க ரெண்டு. தீம் கடை ஒண்ணு. கேம் சென்டர் ஒண்ணு. அப்புறம் காசு வாங்கிட்டு உள்ள விட்ட வெளியாளுங்க... ஷாப்பிங், செய்தி, கடன் தர்றேன்னு ஒருத்தர், கலர் கலரா மிட்டாய் உடைக்கிற விளையாட்டு நாலு. எல்லாத்துக்கும் மேல "உங்கள் போனில் குப்பை சேர்ந்துவிட்டது, சுத்தம் செய்யவா?"ன்னு கேக்கறதுக்கு ஒரு ஆப். அது மட்டும் 200 எம்பி! குப்பைத்தொட்டியே குப்பையா இருக்கறதை அங்கதான் பார்த்தேன் :-)

இதெல்லாம் வசதியா இருக்கறவங்களுக்கு வெறும் எரிச்சல். 256 ஜிபி போன் வச்சிருக்கிறவருக்கு அஞ்சு ஜிபி போனா என்ன, வந்தா என்ன? ராஜபாளையத்துல இருக்கற எங்க சித்தி மாதிரி ஆளுங்களுக்கு அப்படி இல்ல. அந்தக் கதையைச் சொல்றேன்.

சித்தி வீட்டுலயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறாங்க. இருபது வருஷமா அதான் பொழப்பு. முன்னாடியெல்லாம் ஒரு நோட்டு இருக்கும். அதுல பேரு, அளவு, கழுத்து எத்தனை இஞ்ச், கை எத்தனை இஞ்ச்சுன்னு பென்சில்ல எழுதி வச்சிருப்பாங்க. அளவு ஜாக்கெட்டோட ஒரு துண்டுச் சீட்டைக் குத்தி வைப்பாங்க. இப்போ அந்த நோட்டு வேலையை போன் பார்க்குது. வாடிக்கையாளர் வாட்ஸப்புல பின்கழுத்து டிசைன் போட்டோ அனுப்புறாங்க. "அக்கா, இதே மாதிரி, ஆனா கயிறு வேணாம், ஊக்கு மட்டும்"னு குரல் பதிவு போடறாங்க. தச்சு முடிச்சதும் சித்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்புறாங்க. காசு யுபிஐ-ல வருது. சுருக்கமா சொன்னா ஆர்டர் புக், டிசைன் புக், கல்லாப்பெட்டி மூணும் அந்த ஒரே போன்தான். 32 ஜிபி, பத்தாயிரத்துக்குக் கீழ வாங்கினது.

போன தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி. தையல்காரங்களுக்கு வருஷத்துலயே அந்த மூணு வாரம்தான் சீசன். அந்த நேரம் பார்த்து யுபிஐ ஆப் "அப்டேட் பண்ணினாதான் திறப்பேன்"னு அடம் பிடிச்சிருக்கு. அப்டேட் பண்ணப் போனா "இடம் போதவில்லை". எனக்கு போன் வந்துச்சு.

"தம்பி, காசு அனுப்பிட்டேன்னு சொல்றாங்க. வந்துச்சா வரலையான்னு பார்க்க முடியல. என்னத்தையாவது அழின்னு சொல்லுது. எதை அழிக்கட்டும்?"

"எதையும் அழிக்காதீங்க சித்தி, சனிக்கிழமை நான் வர்றேன்"னேன்.

"அதுக்குள்ள நூறு போட்டோ அழிச்சுட்டேன்ப்பா. போன வருஷம் தச்சதெல்லாம். பரவாயில்ல, அது என் சொந்த போட்டோதான"ன்னாங்க.

அந்த "பரவாயில்ல" எனக்குப் பரவாயில்லாம இல்ல. அழிச்சது வெறும் போட்டோ இல்லையே. புதுசா ஒரு ஆள் வந்து "உங்க வேலையைக் காட்டுங்க"ன்னு கேட்டா காட்டறதுக்குச் சித்திகிட்ட இருந்தது அதுதான். கடை போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. சித்தியோட இருபது வருஷக் கைவேலையை அழிச்சு இடம் பண்ண வேண்டியதா போச்சு. அந்தப் பக்கம் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு சும்மா கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு.

சனிக்கிழமை போனேன். மிஷின் ஓடற சத்தத்துக்கு நடுவுல உக்காந்து போனைத் திறந்து பார்த்தேன். சிஸ்டம் 12.8 ஜிபி. ஆப்ஸ் 9.4. சித்தியோட போட்டோ, வீடியோ, வாட்ஸப்பு எல்லாம் சேர்த்து 6.2. மத்தது 3. மிச்சம் 600 எம்பி. சித்தி தன் வாழ்க்கை, தொழில், பேரன் முதல் அடி எடுத்து வச்ச வீடியோ எல்லாத்துக்கும் சேர்த்து எடுத்துக்கிட்ட இடம் அஞ்சுல ஒரு பங்கு! அதுலயும் அந்த நூறு போட்டோவைக் கழிச்ச அப்புறம்.

ஆப்ஸ் பட்டியலை ஒண்ணொண்ணா எண்ணினேன். போன் பேச, மெசேஜ், கேமரா, கடிகாரம் மாதிரி தேவையானதை விட்டுட்டு, சித்தி தானா போடாத ஆப் 26. "இதுல எதையாவது திறந்திருக்கீங்களா சித்தி?"ன்னு கேட்டேன். "இந்த மிட்டாய் ஒரு தடவை கை பட்டுத் திறந்துச்சுப்பா, பயந்து மூடிட்டேன்"னாங்க.

26-ல 11 நீக்க முடிஞ்சது. 7 நீக்க முடியல, முடக்க முடிஞ்சது. பாக்கி 8 ரெண்டுக்குமே மசியல. அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்துல, தொட்டாலும் அசையாம இருக்கும் பாருங்க, அப்படி. மொத்தம் 2.1 ஜிபி மீட்டோம். யுபிஐ ஆப் அப்டேட் ஆச்சு. நாலு நாளா வந்த காசைச் சித்தி ஒவ்வொருத்தர் பேரா வாசிச்சு சரி பார்த்தாங்க. எல்லாம் வந்திருந்துச்சு.

நிற்க. இந்த "நீக்கறது", "முடக்கறது" ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நிறைய பேருக்குக் குழப்பம். அதை ஒரு தடவை தெளிவா பார்த்துடலாம்.

ஆண்ட்ராய்டு போனோட இடத்தை ரெண்டு அறையா நினைச்சுக்குங்க. ஒண்ணு கம்பெனி அறை, பூட்டி இருக்கும், படிக்க மட்டும்தான் முடியும், நாம எழுதவோ அழிக்கவோ முடியாது. இன்னொண்ணு நம்ம அறை. கம்பெனியே வச்சு அனுப்பற ஆப்கள்ல பிடிவாதமானதெல்லாம் அந்தப் பூட்டின அறையிலதான் குடியிருக்கும். சரி, அங்கயே இருந்துட்டுப் போகட்டும்னு விடலாம்னு பார்த்தா அங்கதான் விஷயமே. அந்த ஆப்புக்கு அப்டேட் வரும்போது பூட்டின அறையில எழுத முடியாது இல்லையா? அதனால புதுப் பதிப்பு நம்ம அறையில வந்து உக்காரும். பழசு அங்க, புதுசு இங்க. ஒரே ஆள் ரெண்டு கட்டில். அதுக்கு மேல அது சேர்க்கற தற்காலிகக் கோப்பு, தகவல் எல்லாமும் நம்ம அறையிலதான்.

அதனால முடக்கினா என்ன ஆகும்? நம்ம அறையில இருக்கற புதுப் பதிப்பையும் தகவலையும் கிளியர் பண்ணிடலாம். பழைய பதிப்பு பூட்டின அறையிலயே தூங்கும். அந்த இடம் நமக்கு ஒருநாளும் வராது. முடக்கறது உபயோகம்தான், மறுக்கல. ஆனா அது காலி பண்றதுக்குச் சமம் கிடையாது. வீட்டுல இருக்கறவரை "சத்தம் போடாம இருங்க"ன்னு சொல்ற மாதிரிதான்.

இன்னொரு கொடுமை. போன்ல மெமரி கார்டு போட இடம் இருந்தா கடைக்காரர் "இடம் பத்தலேன்னா கார்டு போட்டுக்கலாம் சார்"னு ஈஸியா சொல்லிடுவார். போட்டோவுக்கு சரி. ஆப்பைக் கார்டுக்கு நகர்த்தற வசதி 2010-ல ஆண்ட்ராய்டு 2.2-லயே வந்துச்சு. ஆனா அது நாம போடற ஆப்புக்கு, அதுவும் எல்லாத்துக்கும் இல்ல. கம்பெனி வச்ச ஆப் நகராது. வீட்டுக்காரங்க சாமானைத் தூக்கி வராந்தாவுல வச்சுட்டு மச்சானை உள்ளயே விட்டு வைக்கிற ஏற்பாடு.

நம்ம ஊருல இடம் பத்தலேன்னா உடனே கைகாட்டறது அம்மா சித்தி மாமியை. "குட் மார்னிங் படமா வந்து குவிஞ்சிருக்கும், அதான்"னு சொல்லிட்டு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. 2018 ஜனவரியில ஒரு அமெரிக்கப் பத்திரிகையிலயே இது செய்தியா வந்துச்சு. கூகுளும் அந்த வாக்குல வெளியிட்ட ஃபைல்ஸ் கோ ஆப்புல அந்தக் காலை வணக்கப் படங்களைத் தேடிப் பிடிச்சு அழிக்க ஒரு வசதி வச்சாங்க. நல்ல வசதிதான், நானும் உபயோகிக்கிறேன். ஆனா ஒரு ரோஜாப்பூ வணக்கப் படம் 100, 150 கேபி. சித்தி போன்ல மீட்ட 2.1 ஜிபியை நிரப்பணும்னா அப்படிப் பதினாலாயிரம் படமாவது வேணும். தினம் பத்து படம் வந்தாலும் நாலு வருஷம் ஆகும். ரோஜாப்பூவைக் கணக்கெடுத்தவங்க மச்சானையும் கணக்கெடுத்திருக்கலாம்.

சரி, கம்பெனிகள் ஏன் இப்படிப் பண்றாங்க? காசுதான், வேறென்ன. மலிவு போன்ல லாபம் ரொம்பக் கம்மி. ஷாவ்மி 2018 ஏப்ரல்ல தங்களோட வன்பொருள் வியாபாரத்துல நிகர லாபம் அஞ்சு சதவீதத்தைத் தாண்டாதுன்னு வெளிப்படையாவே அறிவிச்சாங்க. அப்போ சம்பாத்தியம் எங்க? விளம்பரம், ஆப் ஸ்டோர், விளையாட்டு மாதிரி இணைய சேவையில. போனை அடக்க விலைக்குப் பக்கத்துல கொடுத்துட்டு, அதுக்குள்ள இருக்கற திண்ணையை வாடகைக்கு விடறாங்க. வியாபாரமா பார்த்தா இதுல தப்பு இல்லன்னு சொல்றவங்களும் உண்டு. "உனக்கு போன் மூவாயிரம் ரூபா கம்மியா கிடைச்சுதுல்ல?"ன்னு கேப்பாங்க.

இந்த வாதத்தை நான் அப்படியே தள்ளல. மலிவு போன் வந்ததாலதான் சித்தி கைக்கு போன் வந்துச்சு. ஆனா அந்த பேரத்தை யாராவது சித்திகிட்ட பேசினாங்களா? 2011-ல அமேசான் கிண்டிலை விளம்பரத்தோட 114 டாலருக்கும், விளம்பரம் இல்லாம 139 டாலருக்கும் வித்தாங்க. பார்த்தீங்களா, இது நேர்மை. இருபத்தஞ்சு டாலர் வேணுமா, நிம்மதி வேணுமான்னு வாங்கறவர் முடிவு பண்ணலாம். நம்ம போன் கடையில அப்படி ரெண்டு விலைச் சீட்டு நான் பார்த்ததே இல்ல. விலைக்கழிவு இருக்கு, ஆனா அது எவ்வளவுன்னு சொல்ல மாட்டாங்க. இடம் போகுது, அது எத்தனைன்னும் சொல்ல மாட்டாங்க.

இதுல தலைகீழா போன கதையும் ஒண்ணு உண்டு. 2008 மார்ச்சுல சோனி தன்னோட வயோ லேப்டாப் ஒண்ணுல, இந்த மாதிரி வேண்டாத மென்பொருள் இல்லாம தர்றதுக்கு 49.99 டாலர் தனியா கேட்டாங்க. அதாவது நான் உங்க வீட்டுல குப்பை கொட்டாம இருக்கணும்னா காசு கொடுங்கன்னு. ஊரே கழுவி ஊத்தினதும் சட்டுன்னு அதை இலவசம் ஆக்கிட்டாங்க. ஊர் கத்தினா வேலை நடக்குதுன்னு இதுல ஒரு நீதி இருக்கு.

அப்படிக் கத்தினவங்க பட்டியல் நீளம். 2013-ல பிபிசியோட 'வாட்ச்டாக்' நிகழ்ச்சி சாம்சங் கேலக்ஸி எஸ்4-ஐ எடுத்துக்கிச்சு. 16 ஜிபின்னு வித்த போன்ல கிட்டத்தட்ட பாதி ஏற்கனவே காலின்னு வெளிச்சம் போட்டாங்க. தென்கொரியா 2014 ஜனவரியில ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டு, அந்த ஏப்ரல்ல இருந்து அவசியமில்லாத முன்பதிவு ஆப்களை நீக்க வழி இருக்கணும்னு சொல்லிடுச்சு. சாம்சங்கோட சொந்த ஊர் அது! 2015-ல ஷாங்காய் நுகர்வோர் ஆணையம் சாம்சங், ஓப்போ ரெண்டு பேர் மேலயும் வழக்கே போட்டாங்க. ஓப்போ போன் ஒண்ணுல 71 ஆப், சாம்சங் போன்ல 44 ஆப்னு எண்ணி வச்சிருந்தாங்க. (26-ஐ எண்ணவே எனக்கு அரை மணி நேரம். 71 எண்ணின புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்.)

ஐபோன்காரங்க இந்த இடத்துல மீசையை முறுக்க வேணாம். 2014 டிசம்பர்லயே கலிபோர்னியாவுல ஆப்பிள் மேல வழக்கு. 16 ஜிபின்னு விளம்பரம் பண்ணிட்டு ஐஓஎஸ் 8 எவ்வளவு இடத்தைத் தின்னுதுன்னு சொல்லலேன்னு. பங்குச்சந்தை, திசைகாட்டி மாதிரி ஆப்களை முகப்புல இருந்து நீக்கவே 2016-ல ஐஓஎஸ் 10 வரை காத்திருக்க வேண்டி இருந்துச்சு. அப்பவும் அந்த உள்ளமைந்த ஆப் எல்லாம் சேர்ந்தே 150 எம்பிக்குக் கீழதான்னு ஆப்பிள் சொன்னாங்க. இந்த ஒரு விஷயத்துல அவங்களுக்கு ஒரு சபாஷ். மச்சான் இருந்தாலும் ஒல்லியா இருக்கார். ஐரோப்பாவுல 2024 மார்ச்சுல இருந்து டிஜிட்டல் சந்தைச் சட்டம் முழுசா அமலுக்கு வந்த அப்புறம், பெரிய கம்பெனிகள் தங்களோட ஆப்களைச் சுலபமா நீக்க விடணும்னு ஆயிடுச்சு. அங்க ஐபோன்ல சஃபாரி, கேமரா ஆப்பைக்கூட நீக்கலாம்.

நம்ம ஊரு? நம்ம ஊருலயும் கிட்ட வந்து தவறிப்போச்சு. 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்துல கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. பேப்பர்ல எல்லாரும் அந்தக் கோடியைத்தான் பார்த்தாங்க. அதே உத்தரவுல, முன்கூட்டியே வச்ச கூகுள் ஆப்களை நீக்கறதைத் தடுக்கக் கூடாதுன்னும் ஒரு வரி இருந்துச்சு. 2023 மார்ச் 29-ஆம் தேதி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வச்சுட்டு, நாலு கட்டளைகளை மட்டும் ரத்து பண்ணுச்சு. அந்த நாலுல ஒண்ணு இந்த நீக்கற வரி. முடக்கற வசதிதான் ஏற்கனவே இருக்கேன்னு ஒரு காரணம். பூட்டின அறை, நம்ம அறை கதையை மேல படிச்சவங்களுக்கு முடக்கறது எவ்வளவு தூரம் நீக்கறதுக்குச் சமம்னு நான் திரும்பச் சொல்ல வேணாம்.

கம்பெனி மட்டும்தான்னு நினைக்காதீங்க, அரசாங்கத்துக்கும் இந்தத் திண்ணை மேல ஆசை உண்டு. ரஷ்யாவுல 2021 ஏப்ரல்ல இருந்து விக்கிற போன்ல உள்நாட்டு ஆப் இருக்கணும்னு சட்டம். இங்க 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவுல, புதுசா விக்கிற எல்லா போன்லயும் சஞ்சார் சாத்தி ஆப்பை வச்சே தரணும்னு தொலைத்தொடர்புத் துறை சொல்லுச்சு. திருட்டு போனைக் கண்டுபிடிக்க உதவற ஆப்தான், நோக்கத்துல குறை சொல்ல முடியாது. ஆனா ஊர் முழுக்க எதிர்ப்பு கிளம்பி, டிசம்பர் 3-ஆம் தேதி அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கிட்டாங்க. தேவைப்படறவங்க தானா போட்டுக்கலாம். அப்படித்தானே இருக்கணும்? நல்ல ஆப்பா இருந்தா நானே கதவைத் திறந்து உள்ள கூப்பிடுவேன்.

சரி, சட்டம் வர்றபோது வரட்டும். அதுவரைக்கும் நம்மால ஆனது சிலது. சித்தி போன்ல பண்ணினதைத்தான் சொல்றேன்.

ஒண்ணு: புது போனை முதல்முறை ஆன் பண்ணும்போது "பரிந்துரைக்கப்படும் ஆப்கள்"னு ஒரு பக்கம் வரலாம். எல்லாத்துலயும் முன்கூட்டியே டிக் போட்டு வச்சிருப்பாங்க. அவசரத்துல அடுத்து, அடுத்துன்னு போகாம ஒவ்வொரு டிக்கையும் எடுத்துடுங்க. வாசல்லயே நிறுத்தறது சுலபம்.

ரெண்டு: நீக்க முடிஞ்சதை நீக்குங்க. முடியாததுல முதல்ல "அப்டேட்டை நீக்கு"ன்னு ஒரு வழி இருக்கான்னு பாருங்க, அப்புறம் தகவலை அழிச்சுட்டு முடக்குங்க. நம்ம அறையில இருக்கற ரெண்டாவது கட்டில் அப்போதான் காலியாகும். முடக்கவும் முடியாத எட்டு பேர் மாதிரி இருந்தா, பிளே ஸ்டோர்ல அந்த ஆப்புக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்க. தினம் 1.5 ஜிபி டேட்டாவுல ஓட்டற ஆளுக்கு டேட்டாவும் மிச்சம்.

மூணு: சில போன்ல "கூடுதல் ரேம்"னு ஒண்ணு ஆன்ல இருக்கும். கேக்க ஜோரா இருக்கும். அது உங்க சேமிப்பு இடத்துல இருந்து ரெண்டு, நாலு ஜிபியைக் கடன் வாங்கித்தான் ரேம்னு காட்டுது. செட்டிங்ஸ்ல தேடி அணைச்சுடலாம்.

நாலு: கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்க வீட்டுல இருந்தா ஏடிபின்னு ஒரு வழி இருக்கு. போனை கம்ப்யூட்டரோட இணைச்சு, சாம்பல் பொத்தான் ஆப்பையும் நம்ம கணக்குல இருந்து கழட்டி விடலாம். ஆனா பூட்டின அறையில பழைய பதிப்பு இருக்கும், போனை ரீசெட் பண்ணினா மச்சான் "என்னைக் கூப்பிட்டீங்களா?"ன்னு திரும்பி வருவார். பேர் தெரியாத எதையாவது கழட்டினா போன் ஆன் ஆகாமயே போகலாம். அதனால தொழில் நடக்கற போன்ல, தீபாவளி சீசன்ல, நான் இதைத் தொடவே இல்ல.

இதெல்லாம் தற்காப்பு. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. வீட்டு விஷயத்துல 2016-ல ரெரா சட்டம் வந்து கார்பெட் ஏரியான்னா என்னன்னு வரையறுத்து, அதைச் சொல்லித்தான் விக்கணும்னு வச்சாங்க. பில்டர்கள் ஒண்ணும் கடையை மூடிட்டுப் போயிடல. போன் பெட்டி மேலயும் அதே மாதிரி ஒரு வரி போட்டா போதும். "மொத்தம் 32 ஜிபி. உங்களுக்குக் கிடைப்பது 17 ஜிபி. நீக்க முடியாத ஆப்கள் 8." அவ்வளவுதான். பிஸ்கட் பாக்கெட்ல நிகர எடை போடற ஊருல இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. அந்த வரி இருந்தா, வாங்கறவங்க ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பிச்சா கம்பெனிகள் தானா மச்சான்களைக் குறைப்பாங்க.

ஏன் இதைப் பெருசா பேசறேன்னா, இந்தக் கணக்கு எப்பவும் கீழ இருக்கறவங்க தலையிலதான் விழுது. விலை அதிகமான போன்ல இடமும் அதிகம், மச்சானும் கம்மி. விலை குறைஞ்ச போன்ல இடம் கம்மி, மச்சான் அதிகம். அஞ்சு ஜிபிங்கறது 256-ல ரெண்டு சதவீதம், 32-ல பதினஞ்சு சதவீதத்துக்கும் மேல. யாரால இடத்தை விட்டுக்கொடுக்க முடியாதோ அவங்ககிட்ட இருந்துதான் இடம் பிடுங்கறாங்க.

அதனால அடுத்த தடவை போன் வாங்கக் கடைக்குப் போனா, கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேக்கறதுக்கு முன்னாடி, காட்சிக்கு வச்சிருக்கற போனை எடுத்து செட்டிங்ஸ்ல சேமிப்பகத்தைத் திறந்து, "கார்பெட் ஏரியா எவ்வளவு சார்?"னு கேட்டுப் பாருங்க. கடைக்காரத் தம்பி ஒரு மாதிரி முழிப்பார். முழிக்கட்டும். நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்குப் பதில் தயாரா வச்சிருப்பார்.

டிஸ்கி: என் சொந்த மச்சான் இதைப் படிப்பார்னு தெரியும். மாப்ள, இது உங்களைப் பத்தி இல்ல. நீங்க எப்ப வேணா வரலாம், எத்தனை நாள் வேணா இருக்கலாம். வரும்போது மட்டும் அந்த மிட்டாய் விளையாட்டுக்கு "உயிர்" கேட்டு எனக்கு ரிக்வெஸ்ட் அனுப்பாதீங்க :-)